பட்டறையில் பிறக்கும் மலைச் சைக்கிள்

சென்னைத் தேனாம்பேட்டையின் உள்தெரு ஒன்றில் ஜன்னல் கிரில்லும் இரும்புக் கேட்டும் செய்கிற பட்டறைக்குப் போய், "இந்தக் குழாய்களை வைத்து ஒரு சைக்கிள் ஃபிரேம் பற்றவைத்துத் தர முடியுமா அண்ணே, மலையில் ஓட்டணும்" என்று கேட்டுப் பாருங்கள். அவர் குழாயை வாங்கி விரலால் தட்டுவார். அப்புறம் அதன் வாயைப் பார்ப்பார். சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. "இதுல ராடு வெச்சா ஓட்டை விழுந்துடும் தம்பி" என்பதுதான் பதிலாக வரும்.

அவர் சொல்வது முற்றிலும் சரி. கேட்டு வேலைக்கு அவர் வைத்திருக்கிற ஆர்க் வெல்டிங் இயந்திரம் நூறு ஆம்பியர் அளவில் ஓடும். நல்ல மலைச் சைக்கிள் ஃபிரேமில் குழாயின் சுவர் ஓரங்களில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6 மில்லிமீட்டர்தான். அந்தச் சுவரின் மேல்தான் எழுபது எண்பது கிலோ மனிதர் ஒருவர் உட்கார்ந்து பாறையிலிருந்து பாறைக்கு இறங்குகிறார். பெரிய தொழிற்சாலைகள் அலுமினியத்துக்கும் கார்பன் இழைக்கும் மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் உலகத்தில் எந்த ஊரிலாவது ஒருவர் தன் கையால் ஃபிரேம் கட்ட உட்கார்ந்தால் பெரும்பாலும் எஃகுக் குழாயைத்தான் எடுக்கிறார். பழமை மேல் உள்ள பாசம் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் உறுதியான காரணம் அந்த உலோகத்தின் குணத்திலேயே இருக்கிறது.

ஏன் இவ்வளவு மெல்லிசு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 31.8 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் சுவரும் உள்ள எஃகுக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. அதே விட்டத்தில் சுவரை 0.9 ஆகக் குறைத்தால் 690 கிராம். ஏற்றத்தில் மிதிப்பவருக்கு இந்த வித்தியாசம் தொடையில் தெரியும். ஆனால் சுவரை மெலிய வைத்தால் குழாய் வளைந்துவிடாதா?

இங்கே வலிமையையும் விறைப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாரம் ஏற்றும்போது ஒரு பொருள் எவ்வளவு நெளிகிறது என்பது விறைப்பு. நெளிந்தது திரும்பி வராமல் கோணிப்போவது எந்தப் பாரத்தில் என்பது வலிமை. எஃகைப் பற்றி என்னை எப்போதும் வியக்க வைக்கிற உண்மை, எல்லா வகை எஃகுக்கும் விறைப்பு அநேகமாக ஒன்றுதான் என்பது. கிரில் செய்கிற சாதா இரும்பையும், விமானச் சட்டங்களுக்குப் பயன்பட்டுப் பெயர்பெற்ற 4130 என்கிற குரோம்-மாலிப்டினம் எஃகையும் ஒரே அளவில் குழாயாக்கி ஒரே எடையைத் தொங்கவிட்டால் இரண்டும் ஒரே அளவுதான் நெளியும். வேறுபாடு அப்புறம்தான் தெரியவரும். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள சாதா இரும்புக் கம்பி சுமார் 25 கிலோவில் நிரந்தரமாக நீண்டுவிடும். 4130 கம்பி, பதப்படுத்திய நிலையில், 43 கிலோ வரைக்கும் தாங்கி, எடையை எடுத்ததும் பழைய நீளத்துக்கே வந்துவிடும். நூற்றில் 0.3 பங்கு கரி, ஒரு பங்கு குரோமியம், 0.2 பங்கு மாலிப்டினம். இவ்வளவு சின்னக் கலப்பு செய்கிற வேலை இது.

ஆக, கலப்பு எஃகு சைக்கிளை விறைப்பாக்குவதில்லை. சுவரை மெலிய வைக்க அனுமதி தருகிறது, அவ்வளவுதான். மெலிந்த சுவரால் இழந்த விறைப்பை வடிவத்தால் மீட்க வேண்டும். அதே எடை எஃகை இரண்டு மடங்கு விட்டமுள்ள குழாயாக்கினால் சுவர் பாதியாகும், ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பு நான்கு மடங்காகும். அப்படியானால் குழாயைப் பெருக்கிக்கொண்டே போகலாமே என்றால், ஓர் எல்லைக்கு மேல் சுவர் தகரம்போல ஆகிவிடும். கல் பட்டால் நசுங்கும், திடீர்ப் பாரத்தில் மடியும். சுமார் 35 மில்லிமீட்டர் விட்டம், 0.6 மில்லிமீட்டர் நடுச்சுவர் என்று இன்றைய எஃகு மலைச் சைக்கிள்களின் கீழ்க்குழாய் நிற்பது அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான்.

பாரம் எங்கே விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். முன்சக்கரம் கல்லில் மோதும்போது ஃபோர்க் ஒரு நெம்புகோலாகி, ஹேண்டில் பார் சுழலும் தலைக்குழாயின் அடிப்பகுதியைப் பின்னால் தள்ளுகிறது. கீழ்க்குழாய் நசுக்கப்படுகிறது. குழந்தையை உட்காரவைத்து ஓட்டுவோமே, அந்த மேல் பார் இழுக்கப்படுகிறது. மோதி உருக்குலைந்த பழைய சைக்கிள்களில் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், அடியில், பெயின்ட் சுருங்கித் தடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விசை உச்சத்துக்குப் போவது குழாயின் நுனியில். பற்றவைக்கும் சூடு விழுவதும் நுனியில். நடுவில் குழாய்க்கு அதிக வேலை இல்லை.

அப்படியென்றால் நுனி தடிப்பாகவும் நடு மெலிந்தும் ஒரே குழாய் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கணுவில் தடித்து இடைக்கணுவில் மெலிகிற மூங்கில் போல. இதை எஃகில் செய்து காட்டியது பர்மிங்காமில் ஆணி செய்துகொண்டிருந்த ரெனால்ட்ஸ் குடும்பம். 1897இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். வெளியே சீராக இருக்கிற குழாய்க்குள்ளே சுவரின் தடிமன் மாறுகிறது. எப்படி? நடுவில் பருத்து நுனிகளில் மெலிந்த ஓர் உருளைக் கம்பியைக் குழாய்க்குள் விட்டு, இரண்டையும் சேர்த்து ஒரு குறுகிய துவாரத்தின் வழியே இழுக்கிறார்கள். குழாயின் உட்சுவர் கம்பியின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது. ஆனால் பருத்த நடுப்பகுதி இப்போது குறுகிய நுனிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டுவிட்டது. வெளியே எடுப்பது எப்படி? குழாயைச் சாய்ந்த உருளைகளுக்கு நடுவே சுழலவிட்டு உருட்டுகிறார்கள். அந்த அழுத்தத்தில் குழாய் மயிரிழை விரிகிறது, கம்பி நழுவி வந்துவிடுகிறது. கணினி இல்லாத காலத்தில் யோசித்த வழி இது. 1935இல் அந்த நிறுவனம் கொண்டுவந்த 531 என்கிற குழாய், பந்தயச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மந்திரம்போல உச்சரித்த எண்.

இந்தக் கதைக்குச் சென்னையோடு நேரடி உறவு உண்டு. ரெனால்ட்ஸ் நிறுவனம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் ஒன்றாக இருந்தது. அதே குழுமத்தோடு கைகோத்துத்தான் முருகப்பா குடும்பத்தார் 1949இல் மதராசில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் உருவானது அப்படி. சைக்கிள் செய்யக் குழாய் வேண்டுமே; 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வந்தது. தேனாம்பேட்டையிலிருந்து கிளம்பினால் ஊர்ப் போக்குவரத்தோடு போய்ச் சேருகிற தூரம்தான். தட்டையான எஃகுப் பட்டையை உருளைகளால் வளைத்து வட்டமாக்கி, விளிம்புகளை மின்சாரத்தால் பற்றவைத்தால் ஒரு குழாய். அதையே சூடில்லாமல் அச்சின் வழியே இழுத்து மெலியவைத்தால் இன்னொரு தரம். இழுபடும்போது எஃகின் நுண்மணிகள் இழுத்த திசையில் நீள்கின்றன, உலோகம் கெட்டிப்படுகிறது, அளவு துல்லியமாகிறது. மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கிலும் ஷாக் அப்சார்பரிலும் இருப்பவை இந்த ரகக் குழாய்கள். சென்னை வாகனத் தொழில் நகரமானதில் இந்தக் குழாய்களுக்கு உள்ள பங்கைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

மலைச் சைக்கிள் பிறந்ததே பட்டறையில்தான் என்பதையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் 1970களில் சில இளைஞர்கள் 1930, 40களின் பழைய தடித்த டயர்ச் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மலைமண் பாதையில் இறக்கினார்கள். 1976 அக்டோபரில் அங்கே முதல் இறங்குபந்தயம் நடந்தது. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக் அந்தச் சைக்கிள்களுக்கு. ஒரு முறை இறங்கினால் பின்சக்கரக் குடத்துக்குள் கிரீஸ் கருகிப் புகைந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். பழைய ஃபிரேம்கள் வளைந்தன, முறிந்தன. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் குரோம்-மாலிப்டினம் குழாய்களை வாங்கி, இந்த வேலைக்கென்றே ஒரு ஃபிரேமைப் புதிதாகக் கட்டினார். ஃபிரேம் கட்டும் கலையை 1974இல் ஆல்பர்ட் ஐசென்ட்ராட் என்கிற ஆசானிடம் பயின்றவர் அவர். அவருடைய முதல் சைக்கிள் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979இல் சார்லி கெல்லியும் கேரி ஃபிஷரும் விற்பனையைத் தொடங்கினார்கள். ஃபிரேம்களைக் கட்டிக்கொடுத்தவர் டாம் ரிட்சி. இவர்களில் யாரும் ஆலை வைத்திருக்கவில்லை.

ஹெர்குலிஸ் ரோட்ஸ்டரின் தலைப்பகுதியில் குழாய்கள் சேருகிற இடத்தில் ஒரு வார்ப்பு உறை தெரியுமே, அதற்கு லக் என்று பெயர். குழாயை அதற்குள் செருகி, பித்தளையை உருக்கி இடுக்கில் ஓடவிட்டு ஒட்டுவார்கள். பலமான முறை. ஆனால் லக் குறிப்பிட்ட கோணத்துக்கும் விட்டத்துக்கும்தான் கிடைக்கும். மலைக்கென்று பெரிய குழாயும் புதிய கோணமும் வேண்டியவர்களுக்கு அது கையைக் கட்டியது. லக் இல்லாமல் குழாயோடு குழாயை நேரே சேர்க்கும் வழிக்கு அவர்கள் போனது அதனால்தான்.

கோணம் ஏன் அவ்வளவு முக்கியம்? தலைக்குழாயின் அச்சை நேராக நீட்டினால் தரையில் ஒரு புள்ளியைத் தொடும். டயர் தரையைத் தொடுகிற இடம் அதற்குப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளி எவ்வளவு நீளமோ, சக்கரம் அவ்வளவு பிடிவாதமாகத் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ளும். 71 பாகை தலைக்கோணமும் 26 அங்குலச் சக்கரமும் கொண்ட பழைய மலைச் சைக்கிளில் இது 77 மில்லிமீட்டர் அளவில் வரும். 65 பாகைக்குச் சாய்த்து 29 அங்குலச் சக்கரம் போட்ட இன்றைய வண்டியில் 124. செங்குத்தான இறக்கத்தில் கல் தட்டினாலும் ஹேண்டில் பார் கையை விட்டுத் திரும்பாமல் இருப்பது இதனால். அண்ணா சாலை நெரிசலில் இதே வண்டி சோம்பேறித்தனமாகத் திரும்பும். கையால் கட்டுகிறவருக்கு இந்த எண்ணைத் தானே தேர்ந்தெடுக்கிற சுதந்திரம் இருக்கிறது. எனக்கு இந்தக் கைவேலையிலேயே மிகப் பிடித்த பகுதி இந்த வரைபட வேலைதான்.

வரைந்த பிறகு அரம். ஓர் உருளை இன்னோர் உருளையின் வளைவில் இடைவெளியின்றி உட்கார வேண்டுமானால், அதன் நுனி மீன்வாய்போல் குடையப்பட வேண்டும். குடைய வேண்டிய கோட்டை விரித்துக் காகிதத்தில் வரைந்தால் அலையலையாக ஒரு வளைகோடு வரும். இரண்டு விட்டங்களும் கோணமும் தெரிந்தால் பள்ளிக்கூட வடிவக்கணிதமே அதைத் தந்துவிடும். அந்தக் காகிதத்தைக் குழாயில் சுற்றி ஒட்டி, ஆக்ஸா பிளேடால் தோராயமாக வெட்டி, அரை வட்ட அரத்தால் கோடு வரைக்கும் ராவ வேண்டும். விளக்குக்கு முன் பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக்கூடாது. இந்தப் பொறுமை இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வீண். இடைவெளியை உருகிய உலோகத்தால் நிரப்ப முயலும்போதுதான் மெல்லிய சுவர் ஓட்டையாகிறது.

இப்போது நெருப்பு. நம் ஊரில் ஆர்கான் வெல்டிங் என்று சொல்கிற முறைதான் இதற்கு ஏற்றது. டங்ஸ்டன் ஊசி ஒன்று, அதன் நுனியில் மின்வில். டங்ஸ்டன் உருக 3,422 பாகை செல்சியஸ் வேண்டும், ஆகவே ஊசி உருகாமல் நிற்கிறது, அடியில் இருக்கிற எஃகு மட்டும் சின்னக் குட்டையாக உருகுகிறது. இன்னொரு கையால் மெல்லிய நிரப்புக் கம்பியைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். காலடியில் உள்ள பெடலால் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கலாம். 0.9 மில்லிமீட்டர் சுவருக்கு முப்பத்தைந்து நாற்பது ஆம்பியர் போதும். உருகிய எஃகைக் காற்றின் ஆக்சிஜனும் நைட்ரஜனும் கெடுக்காமல் ஆர்கான் வாயு சுற்றிலும் போர்த்திக் காக்கிறது. அந்த ஆர்கானும் எங்கிருந்தோ வருவதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு அதுதான். காற்றைக் குளிரவைத்துத் திரவமாக்கிப் பிரித்தெடுத்து, மிச்சக் காற்றிலிருந்து எஃகைக் காப்பாற்ற அதையே பயன்படுத்துகிறோம்.

பற்றவைத்த வரிக்குப் பக்கத்தில் எஃகு வைக்கோல் மஞ்சளும் ஊதாவும் நீலமுமாக நிறம் காட்டும். மேற்பரப்பில் படிந்த ஆக்சைடுப் படலத்தின் தடிமனுக்கேற்ப ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருகிற நிறங்கள் இவை. மஞ்சள் இருக்குமிடம் சுமார் 230 பாகை கண்டது, நீலம் 300 கண்டது. சூடு எங்கே வரைக்கும் போயிற்று என்று எஃகே எழுதிக் காட்டுகிறது.

அதற்கும் உள்ளே, வரியை ஒட்டிய சில மில்லிமீட்டரில்தான் ஃபிரேமின் ஆயுள் தீர்மானமாகிறது. அங்கே எஃகு எண்ணூறு பாகையைத் தாண்டியிருக்கும். அந்தச் சூட்டில் இரும்பின் அணுக்கள் வேறு ஒழுங்குக்கு மாறி, கரியணுக்களைத் தங்களுக்குள் கரைத்துக்கொள்ளும். நிதானமாக ஆறினால் கரி பிரிந்து வெளியே வரும், எஃகு நெகிழ்வோடு இருக்கும். சடக்கென்று குளிர்ந்தால் கரி சிறைப்பட்டு, கடினமான ஆனால் வெடிப்புக்கு இடம்கொடுக்கிற அமைப்பு உருவாகும். வேலை முடிந்ததும் ஈரத்துணியைப் போடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் பட்டறைகளில் பழக்கம். கேட்டுக்கு அது தீங்கு செய்யாது. 4130 குழாய்க்கு அது கெடுதி. காற்றில், தானாக, ஆறவிட வேண்டும்.

சூடான குழாய்க்குள் அடைபட்ட காற்று விரிந்து, கடைசி இடுக்கை மூடுகிற நேரத்தில் உருகிய எஃகைப் பீய்ச்சித் தள்ளும். அதனால் முன்கூட்டியே தலைக்குழாய்க்குள்ளும் பெடல் கூட்டுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மூச்சுத் துளைகள் போட்டுவைப்பார்கள். இன்னொன்று, மலிவாகக் கிடைக்கிறது என்று துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயைப் பற்றவைக்கவே கூடாது. அந்தப் புகை இரவில் குளிர்காய்ச்சலாக வந்து படுக்கவைக்கும். கண்ணுக்கு முகமூடி இல்லாமல் மின்வில்லைப் பார்ப்பதும் அதே அளவு ஆபத்து.

உருகியது உறையும்போது சுருங்கும், சுருங்கும்போது குழாயைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு பக்கமே தொடர்ந்து பற்றவைத்தால் பின்சக்கரம் ஒரு பக்கம் சாயும். ஆகவே முதலில் நான்கு இடத்தில் சிறு புள்ளியாகப் பற்றவைத்து, அதாவது டாக் வைத்து, நிறுத்தி, பிறகு எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறிச் சிறுசிறு துண்டாக முடிக்க வேண்டும். சரிபார்க்க விலையுயர்ந்த மேசை வேண்டியதில்லை. பின்சக்கரம் உட்காரும் ஒரு பக்கப் பிளவில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக்கொண்டு வந்து மறு பக்கப் பிளவில் கட்டுங்கள். சீட்டுக்குழாயிலிருந்து இரண்டு நூல்களுக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் நேர். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கோணல் என்றால் கையாலேயே அழுத்தி நிமிர்த்தலாம், எஃகு ஒத்துழைக்கும்.

அலுமினியம் இங்கேதான் வீட்டுக் கைவினைஞரைக் கைவிடுகிறது. 6061 ரக அலுமினியத்தைப் பற்றவைத்தால் வரியைச் சுற்றி அதன் வலிமை பெருமளவு போய்விடும். மீட்க வேண்டுமானால் முழு ஃபிரேமையும் 530 பாகை அளவில் உலையில் வைத்து, சட்டென்று குளிரவைத்து, மறுபடி 170 பாகை வாக்கில் மணிக்கணக்கில் பதப்படுத்த வேண்டும். அவ்வளவு பெரிய, சீரான சூடுள்ள உலை எந்தத் தெருப் பட்டறையில் இருக்கும்?

ஆலைகள்கூட எஃகிடம் காண்கிற இன்னொரு குணம் களைப்பைப் பற்றியது. ரயில் அச்சுகள் அதிகப் பாரமில்லாமலே ஏன் முறிகின்றன என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் வருடக்கணக்கில் சோதித்தார். ஓர் அளவுக்குக் கீழான விசையை எத்தனை லட்சம் முறை கொடுத்தாலும் எஃகு முறிவதில்லை என்று கண்டார். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது, சின்ன விசையும் சேர்ந்துகொண்டே போகும். இதனால் எஃகு சாகாவரம் பெற்றது என்று அர்த்தமில்லை. மோசமாகப் பற்றவைத்த வரியின் ஓரத்தில் விசை குவிந்து அந்த எல்லையைத் தாண்டிவிடும். சைக்கிளுக்கான ஐ.எஸ்.ஓ. 4210 தரம் மலைச் சைக்கிள் ஃபிரேமைப் பெடல் வழியே 1,200 நியூட்டன் விசையால் ஒரு லட்சம் முறை மிதித்துப் பார்க்கச் சொல்கிறது. வீட்டில் கட்டியவரிடம் அந்த இயந்திரம் இருக்காது. முதல் ஃபிரேமை 1.2 மில்லிமீட்டர் சுவருள்ள, மீட்டருக்கு 900 கிராம் எடையுள்ள சாதா எஃகுக் குழாயில் கட்டிக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கூடவே, துண்டுக் குழாய்களைப் பற்றவைத்து, வைஸில் இறுக்கி, முறிகிற வரைக்கும் வளைத்துப் பாருங்கள். வரியின் ஓரத்தில் முறிந்தால் இன்னும் பழக வேண்டும். குழாயே மடிந்து வரி அப்படியே நின்றால் மலைக்குப் போகலாம்.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில் துரு உள்ளேயிருந்துதான் வரும். வெளியே பெயின்ட் காக்கும், குழாயின் உட்புறம் வெறும் எஃகு. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மூச்சுத் துளை வழியே ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் புரட்டி, மிச்சத்தை வடியவிட்டால் உட்சுவரில் காய்ந்து படலமாகிவிடும். பெடல் கூட்டின் அடியில் ஒரு வடிகால் துளை கட்டாயம். மழையில் சீட்டுக்குழாய் வழியே இறங்குகிற தண்ணீருக்கு வேறு வழி இல்லை.

பிறகு மலை. சென்னைவாசிக்கு ஏற்காடு இருக்கிறது, நீலகிரித் தேயிலைத் தோட்டத்துத் தடங்கள் இருக்கின்றன, எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலை இருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் வண்டியைக் கழுவித் துடைத்து, மூட்டுகளின் ஓரத்தில் பெயின்ட்டில் மயிரிழை விரிசல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஃகு பெரும்பாலும் சட்டென்று துண்டாவதில்லை. விரிசல் மெல்லப் பரவும், பெடலை மிதிக்கும்போது முனகல் கேட்கும், ஃபிரேம் தொளதொளப்பாகத் தெரியும். கண்டுபிடித்துவிட்டால், கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் ஒரு பட்டறை கிடைத்தால் அங்கேயே விரிசலின் நுனியில் ஒரு சின்னத் துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, பெயின்ட்டைச் சுரண்டி, வெங்காரம் தூவி, கேஸ் சுடரில் பித்தளையை உருக்கி ஊற்றி வீடு திரும்புகிற அளவுக்கு ஒட்டவைத்துவிடலாம். பித்தளை தொள்ளாயிரம் பாகைக்குள் உருகிவிடுவதால் எஃகு உருகாது, சுவர் ஓட்டையாகாது. ஒட்டவைப்பவரிடம் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.